ஒரே சோதனைக் குடும்பம், மூன்று வம்சாவளி மென்பொருள்கள்

வம்சாவளி மென்பொருள் ஒன்றைத் தேடிப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது, அது வரைந்து தரும் குடும்ப மரம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கிளையும் இலையுமாகப் படம் காட்டிய ஒரு நிரலில் இரண்டு ஆண்டுகள் பொறுமையாக உட்கார்ந்து, 300க்கும் மேற்பட்டவர்களின் பெயர், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய விவரங்களைப் பதிந்து வைத்தேன். அதன் பெயர் இங்கு வேண்டாம். அதைத் தயாரித்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். புதிய கணினிக்கு மாறியபோது அந்த நிரல் நிறுவப்படவே மறுத்தது. பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்து, அதிலிருந்து ஏற்றுமதி செய்து பார்த்ததில், பெயர்களும் தேதிகளும் வந்து சேர்ந்தன. ஆனால் ஒவ்வொரு தேதியையும் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் என்று எழுதியிருந்த குறிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பத்தியாகக் கிடந்தன; தமிழில் எழுதியிருந்த பெயர்களின் இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அன்றிலிருந்து எந்த வம்சாவளி மென்பொருளைப் பார்த்தாலும், உள்ளே போட்டதை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான் முதலில் சோதிக்கிறேன். இந்த மதிப்புரையும் அந்தக் கேள்வியை முன்னால் வைத்தே எழுதப்பட்டது.

கிராம்ப்ஸ், ரூட்ஸ்மேஜிக், ஃபேமிலி ஹிஸ்டோரியன் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 14 பேர் கொண்ட ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கிக்கொண்டேன். சிக்கலில்லாத குடும்பத்தை எந்த நிரலும் சரியாகவே காட்டிவிடும் என்பதால், இந்தக் குடும்பத்தில் வேண்டுமென்றே சிக்கல்களைப் புகுத்தினேன். ஒருவருக்கு இரண்டு திருமணங்கள். முதல் மனைவியின் மகனை வளர்த்தவர் இரண்டாம் மனைவி. உடன்பிறந்த இருவரின் பிள்ளைகள் தமக்குள் மணந்துகொண்டு அவர்களுக்கு ஒரு மகளும் உண்டு. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆவணங்களில் இரண்டு வெவ்வேறு பிறந்த ஆண்டுகள். இன்னொருவரின் பெயர் மூன்று பதிவேடுகளில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ஒருவர் 1900இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அந்நகரம் 1914இல் பெட்ரோகிராட் ஆகி, 1924இல் லெனின்கிராட் ஆகி, 1991இல் பழைய பெயருக்கே திரும்பியது. அவருடைய திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட்ட ஒருவர் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர், ஆனால் பிற்பாடு வேறு இரண்டு ஆவணங்களிலும் அவர் தலைகாட்டுகிறார். குடும்ப வரலாற்றில் சிறிது தூரம் உள்ளே போனவர்களுக்கு இவற்றில் எதுவும் அபூர்வமானதாகத் தோன்றாது.

வெளியே எடுக்கும் வழிக்கு நான் ஏன் இத்தனை முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்பதற்கு இத்துறையின் வரலாறே விடை சொல்லும். ஃபேமிலிசர்ச் அமைப்பு இலவசமாக வழங்கிவந்த, மிகப் பலர் பயன்படுத்திய பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்ற நிரல் 2013இல் நிறுத்தப்பட்டது. நுணுக்கமான ஆய்வாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய தி மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் 2014இல் முடிவுக்கு வந்தது. ஃபேமிலி ட்ரீ மேக்கரை இனி விற்கப்போவதில்லை என்று ஆன்செஸ்ட்ரி நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தபோது பயனர்களிடையே பெருங்கவலை எழுந்தது. 2016 தொடக்கத்தில் மேக்கீவ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டதால் அந்த நிரல் பிழைத்தது. ஒரு குடும்ப வரலாற்றுக்கு 20 ஆண்டுகள் உழைப்பது இயல்பு. அந்த 20 ஆண்டுகளும் ஒரே நிரல் உயிரோடு இருக்கும் என்று எண்ணிக்கொள்வதற்கு மேற்கண்ட அனுபவங்கள் இடம் தரவில்லை.

ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கொண்டுபோக எல்லோரும் நம்பியிருப்பது ஜெட்காம் என்னும் கோப்பு வடிவத்தை. 1980களின் நடுவில் பிந்நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை உருவாக்கிய இந்த வடிவம், திறந்து பார்த்தால் வெறும் உரைக் கோப்புதான். ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணில் தொடங்கும்: 0 என்றால் புதிய பதிவு, 1 என்றால் அந்தப் பதிவின் ஒரு விவரம், 2 என்றால் அந்த விவரத்தின் விவரம். ஒருவரின் பதிவு 0 என்று தொடங்கும். அவர் பிறந்தார் என்பது 1. பிறந்த தேதியும் இடமும் 2. எண்ணையடுத்துப் பெரும்பாலும் நான்கெழுத்துக் குறிச்சொல் ஒன்று வரும். தனிமனிதர்களுக்கு ஒரு வகைப் பதிவும் குடும்பங்களுக்கு வேறொரு வகைப் பதிவும் உண்டு. குடும்பப் பதிவு கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் அடையாள எண்களையும் திருமணம் போன்ற குடும்ப நிகழ்வுகளையும் வைத்திருக்கும். இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் 30 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கோப்பையும் இன்று எந்த உரைத் தொகுப்பியிலும் திறந்து படிக்க முடிகிறது. என் பழைய நிரலின் சிதைந்த ஏற்றுமதியைக்கூட வரி வரியாகக் கையால் திருத்தியே மீட்டேன்.

ஆனால் ஜெட்காமின் எளிமையே அதன் எல்லையும் ஆகிறது. இன்று பெரும்பாலான நிரல்கள் பேசிக்கொள்ளும் 5.5.1 பதிப்பு 1999இல் வரைவாக வெளியானது. பின்னர் 2019இல்தான் அதிகாரபூர்வமான தரநிலையாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பதிப்பில் இடத்துக்கென்று தனிப் பதிவு கிடையாது. ஊர், மாவட்டம், நாடு என்று காற்புள்ளியால் பிரித்த ஒரு வரி மட்டுமே இடம். ஒரு நிகழ்வுக்குச் சாட்சியாக வந்தவரை அந்நிகழ்வோடு இணைப்பதற்கும் முறையான வழி இல்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் அடிக்கோட்டில் தொடங்கும் சொந்தக் குறிச்சொற்களைப் படைத்துக்கொண்டது. ஒரு நிரலின் சொந்தக் குறிச்சொல்லை இன்னொரு நிரல் புரிந்துகொள்ளவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2021இல் வெளியான 7.0 பதிப்பு இவற்றில் சிலவற்றைத் தீர்க்கிறது: எழுத்துக் குறியேற்றம் எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 ஆக மட்டுமே இருக்கவேண்டும், நிகழ்வுகளோடு மனிதர்களை அவரவர் பங்குடன் இணைக்கலாம், படங்களையும் ஜெட்காம் கோப்போடு ஒரே சுருக்கப் பொதியாகச் சேர்த்து அனுப்பலாம். எல்லா நிரல்களும் அதற்கு மாறிவிடவில்லை என்பதால், நடைமுறையில் நாம் 5.5.1 உலகில்தான் இன்னும் இருக்கிறோம்.

மூன்றில் என் மனம் சாய்ந்தது கிராம்ப்ஸ் பக்கம். 2001இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட திறந்த மூல நிரல் இது, லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இயங்கும், இலவசம். முதல் முறை திறப்பவருக்கு இது வம்சாவளி நிரல் என்றே தோன்றாது. இடப்பக்கத்தில் மனிதர்கள், உறவுகள், குடும்பங்கள், நிகழ்வுகள், இடங்கள், ஆதாரங்கள், சான்றுக் குறிப்புகள், காப்பகங்கள், ஊடகங்கள், குறிப்புகள் என்று ஒரு நீண்ட வரிசை நிற்கும். ஒருவரின் பிறந்த தேதியை இடவேண்டுமென்றால் முதலில் நிகழ்வு ஒன்றை உருவாக்கவேண்டும்; அந்த நிகழ்வுக்கு இடத்தை இணைக்கவேண்டும்; எந்தப் பக்கம், எந்த வரிசை எண் என்று சொல்லும் சான்றுக் குறிப்பை இணைக்கவேண்டும்; அந்தக் குறிப்புக்கு ஆதாரத்தையும், ஆதாரத்துக்குக் காப்பகத்தையும் இணைக்கவேண்டும். சாளரத்தின் மேல் சாளரம் திறந்துகொண்டே போகும். முதல் வாரம் எரிச்சல் ஊட்டியது இதுதான். மூன்றாவது வாரம் பிடித்துப்போனதும் இதுவேதான்.

காரணம் எளிது. கிராம்ப்ஸில் நிகழ்வு என்பது ஒருவரின் சட்டைப்பையில் கிடக்கும் விவரமாக இல்லாமல் தனித்து நிற்கும் ஒன்றாக இருக்கிறது. அதில் பலர் பங்கேற்கலாம். என் சோதனைக் குடும்பத்தின் திருமணத்தை ஒருமுறை பதிந்து, சாட்சிக் கையெழுத்திட்டவரை அதே நிகழ்வில் சாட்சி என்ற பங்குடன் இணைத்தபோது, அவருடைய பக்கத்திலும் அத்திருமணம் தோன்றியது. குடும்பத்துக்கு அயலான அந்த மனிதர் ஏன் மூன்று ஆவணங்களில் வருகிறார் என்ற கேள்வி அப்போதுதான் கண்ணில் படுகிறது. பல நேரங்களில் அத்தகையவர் யாருக்கோ மைத்துனராக இருப்பார். இடங்களும் அவ்வாறே. ஓர் இடம் இன்னோர் இடத்துக்குள் அடங்கியது என்று அடுக்கடுக்காகச் சொல்லலாம். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்தப் பெயர், எந்த ஆட்சிப் பகுதிக்குள் என்றும் குறிக்கலாம். 1900இல் பிறந்தவருக்குச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்றும், 1930இல் அங்கே நிகழ்ந்த இறப்புக்கு லெனின்கிராட் என்றும் ஒரே இடப் பதிவிலிருந்தே கிராம்ப்ஸ் காட்டியது.

பெயர்களைக் கையாளும் விதத்திலும் அதன் அக்கறை தெரிகிறது. உலகில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட நிரல்கள் நிறைய உண்டு. தந்தை பெயரையே இரண்டாம் பெயராகக் கொள்ளும் ஐஸ்லாந்துக்காரரையும், தந்தை வழிப் பெயர் ஒன்றும் தாய் வழிப் பெயர் ஒன்றுமாக இரண்டைச் சுமக்கும் ஸ்பானியரையும் அவை ஒரே கட்டத்துக்குள் திணிக்கும். கிராம்ப்ஸ், குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையே தனியாகக் கேட்கிறது: பரம்பரையாக வந்ததா, தந்தை பெயரா, தாய் பெயரா, தொழிலால் வந்ததா, ஊரால் வந்ததா? மூன்று எழுத்துக்கூட்டல்களையும் மூன்று மாற்றுப் பெயர்களாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்றைச் சேர்க்க முடிந்தது. உறவு கணிக்கும் கருவியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்த வகைக் கருவிகள் ஆங்கில உறவுச் சொற்களை வைத்து வளர்ந்தவை; பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தையின் கணவர் ஆகிய நால்வரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு நிம்மதியாக இருக்கும். நமக்குத்தான் அந்த நிம்மதி வராது.

தேதிகளிலும் இதே கவனம். சுமார், முன், பின், இரண்டு ஆண்டுகளுக்கு இடையே, மதிப்பிட்டது, கணக்கிட்டது என்ற வேறுபாடுகளை மூன்று நிரல்களுமே ஏற்கின்றன. நாள்காட்டி விஷயத்தில் கிராம்ப்ஸ் ஒரு படி மேலே போகிறது. இங்கிலாந்தில் 1752வரை மார்ச் 25இல்தான் ஆண்டு பிறந்தது. ஆகவே ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாளைப் பழைய ஜூலியன் கணக்கில் 1731/32 பிப்ரவரி 11 என்று இரட்டை ஆண்டாக எழுதுவார்கள், 11 நாள் முன்னே ஓடும் புதிய கிரிகோரியன் கணக்கில் அதுவே 1732 பிப்ரவரி 22. இந்த இரட்டை ஆண்டையும், ஆண்டுப் பிறப்பு எந்த நாளில் என்பதையும் கிராம்ப்ஸில் குறிக்க இடம் உண்டு. ஜூலியன், யூத, இஸ்லாமிய, பாரசீக, பிரெஞ்சுப் புரட்சி நாள்காட்டிகளோடு, 1700 முதல் 1712வரை சுவீடனில் மட்டும் வழங்கிய நாள்காட்டியும் அதில் இருக்கிறது. அந்நாட்டில் 1712ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 30 நாள்கள். அப்படியொரு நாளில் பிறந்த முன்னோர் எனக்கு வாய்க்கவில்லை என்பதில் சிறு வருத்தம் உண்டு.

குறைகளும் உண்டு. கிராம்ப்ஸ் படங்களைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். படக் கோப்புறையை நீங்கள் இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துபோகும். பெரிய வணிகத் தளங்களின் ஆவணங்களைத் தானாகத் தேடித் தருவதும் இல்லை. கற்றுக்கொள்ளும் சுமை கணிசமானது. வார இறுதியில் அரை மணி நேரம் மட்டும் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமாக இருக்கும்.

அத்தகையவருக்கு ரூட்ஸ்மேஜிக் பொருந்தும். விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும் இந்த நிரலுக்குக் கட்டணமில்லாத எளிய பதிப்பும் உண்டு என்பதால் வாங்குமுன் பழகிப்பார்க்கலாம். ஒருவரைச் சொடுக்கினால் அவருடைய வாழ்க்கை நிகழ்வுகள் காலவரிசையில் விரியும். தேதியை இட்டுவிட்டு அதே இடத்தில் ஆதாரத்தையும் சேர்த்துவிடலாம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் வாக்கிய வார்ப்பு ஒன்று இருப்பதால், பதிந்த விவரங்களைக் கோர்த்து உரைநடையாக அச்சிட்டுத் தரும். ஆனால் அந்த உரைநடை, சளைக்காமல் ஒரே மாதிரி வாக்கியங்களைப் படிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கே. நிகழ்வுகளைப் பலரோடு பகிரும் வசதி இதிலும் உண்டு. ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி ஆகிய தளங்களில் உள்ள மரங்களோடு தரவைப் பரிமாறிக்கொள்ளவும் முடியும். ஃபேமிலிசர்ச் தளத்தின் பொது மரத்திலிருந்து நேரடியாக ஜெட்காம் கோப்பை இறக்கிக்கொள்ள வழி இல்லாத நிலையில், இது போன்ற நிரல் இடைநின்று உதவுவது பெரிய வசதி.

ரூட்ஸ்மேஜிக்கில் நான் பாராட்டும் மற்றொன்று அதிகம் பேசப்படுவதில்லை. அதன் கோப்பு எஸ்க்யூலைட் என்ற பரவலான தரவுத்தள வடிவத்தில் இருக்கிறது. அந்த வடிவத்தைப் படிக்கும் இலவசக் கருவிகள் ஏராளம். நிரல் ஒருநாள் மறைந்தாலும் கோப்பின் அட்டவணைகளைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் உங்கள் தரவை மீட்டுவிடலாம். கிராம்ப்ஸும் இன்று அதே தரவுத்தளத்தையே பயன்படுத்துகிறது. அதோடு, தன் முழுத் தரவையும் எதையும் விடாமல் உரை வடிவில் எழுதிவைக்கும் தனி எக்ஸ்எம்எல் கோப்பும் அதற்கு உண்டு.

ஃபேமிலி ஹிஸ்டோரியன் இந்த வாதத்தை இன்னும் நேராகவே எடுத்துக்கொள்கிறது: அதன் சொந்தக் கோப்பு வடிவமே ஜெட்காம்தான். ஏற்றுமதி என்ற தனி வேலையே பெரும்பாலும் இல்லை. நீங்கள் சேமிக்கும் கோப்பே வெளியே எடுத்துச்செல்லும் கோப்பு. பிரிட்டனில் உருவாகும் இந்நிரல் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. வரைபடங்களை நேரடியாக இழுத்து, நகர்த்தி, அதிலேயே திருத்தலாம். மூன்றில் வரைபடம் மிகச் சிறந்தது இதுவே. லுவா என்ற நிரல்மொழியில் செருகுநிரல்கள் எழுதலாம் என்பதால், பயனர்கள் எழுதிப் பகிர்ந்த சிறு கருவிகள் பல கிடைக்கின்றன. ஏழாம் பதிப்பில் ஆவணத்தை முதலில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு தகவலையும் உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பதிவு முறையும் வந்தது. ஆய்வாளர் உண்மையில் வேலை செய்யும் முறை அதுதான். கையில் இருப்பது ஓர் ஆவணம், அதில் எட்டுப் பெயர்கள். ஆளிலிருந்து ஆவணத்துக்குப் போவதைவிட ஆவணத்திலிருந்து ஆளுக்குப் போவது குழப்பத்தைக் குறைக்கிறது.

மேக் கணினி மட்டும் வைத்திருப்போருக்கு ரீயூனியன், மேக்ஃபேமிலிட்ரீ என்ற இரண்டும் நெடுநாளாக உண்டு. இணையதளமாகவே வைத்துக்கொண்டு உறவினர்கள் பலர் சேர்ந்து திருத்த வேண்டுமென்றால் வெப்ட்ரீஸ் இருக்கிறது. 2010இல் பிஹெச்பி ஜெட்வியூ என்ற நிரலிலிருந்து கிளைத்த திறந்த மூலத் திட்டம். அதற்கு வலைச் சேவையகத்தை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருக்கவேண்டும். அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இனி சுற்றுப்பயணச் சோதனை. ஒவ்வொரு நிரலிலும் பதிந்த அதே 14 பேரை ஜெட்காமாக ஏற்றுமதி செய்து, மற்ற இரண்டிலும் இறக்கிப் பார்த்தேன். பெயர், பெற்றோர், பிறப்பு, இறப்பு, மணம் ஆகியவை எங்கும் சேதமில்லாமல் வந்தன. தமிழ் எழுத்துகளும் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்த இடத்தில் சிதையவில்லை. கவலைக்குரியவை தரநிலையில் இடமில்லாத விவரங்கள். இட அடுக்கும் அதன் ஆண்டு எல்லைகளும் காற்புள்ளி வரியாகச் சுருங்கின. சாட்சியின் பங்கைக் கொண்டுசெல்லத் தரநிலை வழி தருவதில்லை என்பதால், அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் ஒரே சொந்தக் குறிச்சொல்லைப் பேசினால்தான் அது பிழைக்கும். தந்தைக்குப் பெற்ற மகன், தாய்க்கு மாற்றாந்தாய் மகன் என்று இரு பெற்றோருக்கும் தனித்தனியாகச் சொல்ல கிராம்ப்ஸ் விடுகிறது, 5.5.1இல் குடும்பத்தோடு பிள்ளைக்குள்ள உறவு ஒன்றாகவே சொல்லப்படுகிறது. ஆகவே அத்தகைய விவரங்களைக் கட்டத்தில் மட்டும் விடாமல், குறிப்புப் பகுதியிலும் ஒரு வாக்கியமாக எழுதி வைக்கும் பழக்கத்தை இச்சோதனை எனக்குக் கற்றுத் தந்தது. குறிப்பு என்பது எல்லா நிரலுக்கும் புரியும்.

எந்த நிரலானாலும், அதன் உயிர்நாடி சான்றுக் குறிப்புதான். காப்பகம், ஆதாரம், சான்றுக் குறிப்பு என்ற மூன்றடுக்கு முறையை நல்ல நிரல்கள் பின்பற்றுகின்றன: காப்பகம் ஆவணம் இருக்கும் இடம், ஆதாரம் அந்தப் பதிவேடு, சான்றுக் குறிப்பு அதன் குறிப்பிட்ட பக்கமும் வரிசை எண்ணும். இதில் புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் முடிவு ஒன்று உண்டு. ஒரு பதிவேட்டை ஒரே ஆதாரமாக வைத்துக்கொண்டு பக்கங்களைச் சான்றுக் குறிப்புகளாகப் பிரிப்பதா, அல்லது ஒவ்வொரு பக்கத்தையுமே தனி ஆதாரமாக எழுதுவதா? முதல் வழியில் பட்டியல் சுருக்கமாக இருக்கும். இரண்டாம் வழியில் படத்தையும் படியெடுப்பையும் ஒரே இடத்தில் வைக்கலாம். நான் முதல் வழியைத் தேர்ந்தேன். எதைத் தேர்ந்தாலும் பாதியில் மாற்றக்கூடாது. மாற்றினால் பட்டியல் இரண்டு மொழியில் பேசத் தொடங்கிவிடும்.

முரண்படும் சான்றுகளை ஒரு நிரல் எப்படித் தாங்குகிறது என்பதே நான் வைக்கும் கடைசி அளவுகோல். அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய வம்சாவளி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியம் வகுத்த ஆய்வு நெறியில் ஐந்து கூறுகள் உண்டு: நியாயமான அளவுக்கு முழுமையான தேடல், முழுமையும் துல்லியமுமான சான்றுக் குறிப்புகள், கிடைத்தவற்றை ஒப்பிட்டு ஆராய்தல், முரண்பாடுகளைத் தீர்த்தல், காரணத்தோடு எழுதப்பட்ட முடிவு. எந்த மென்பொருளும் இவற்றை உங்களுக்காகச் செய்யாது. செய்வதற்கு இடம் கொடுக்கலாம், அல்லது தடுக்கலாம். ஒரே பிறந்த தேதிக்கு மட்டும் ஒற்றைக் கட்டம் வைத்திருக்கும் எளிய நிரல், இரண்டாவது தேதியைத் தூக்கி எறியச் சொல்கிறது. மேற்சொன்ன மூன்றிலும் இரண்டு பிறப்பு நிகழ்வுகளைப் பதிந்து ஒன்றை முதன்மையாக்கலாம். கிராம்ப்ஸில் ஒவ்வொரு சான்றுக் குறிப்புக்கும் மிகக் குறைவு முதல் மிக அதிகம்வரை ஐந்து நிலைகளில் நம்பகத்தன்மையையும் இடலாம். பிறந்த சில நாள்களில் எழுதப்பட்ட பதிவும், இறந்தபோது பேரன் சொல்லி எழுதப்பட்ட வயதும் ஒரே எடை உடையவை அல்ல என்பதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்தச் சிறு குறியே நினைவூட்டும்.

இந்த எடை பார்க்கும் பழக்கம் இணையத் தளங்களில் வரும் துப்புகளுக்கு மிகவும் தேவை. ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ் போன்ற தளங்கள் உங்கள் மரத்தில் உள்ள பெயரைத் தங்கள் ஆவணங்களோடும் பிறர் மரங்களோடும் ஒப்பிட்டு, இவராக இருக்கலாம் என்று சொல்லும். ஆவணத் துப்பு பொன்னானது. பிறர் மரத்திலிருந்து வரும் துப்பு வதந்திக்குச் சமம் என்றே கொள்வது நல்லது. ஒருவர் செய்த தவறை ஐம்பது பேர் படியெடுத்தால் அது ஐம்பது சாட்சிகள் போலத் தோற்றம் தரும். ஒரே பெயரும் ஒரே ஊரும் கொண்ட இருவரை ஒரே ஆளாக இணைத்துவிட்டால், பிரிப்பது எளிதல்ல. இணைக்கும் பொத்தானை அழுத்துமுன் ஒரு காப்புப்பிரதி எடுப்பது என் வழக்கம். ஃபேமிலிசர்ச், விக்கிட்ரீ, ஜெனி ஆகியவை உலகம் முழுவதற்கும் ஒரே மரம் என்ற கொள்கையில் இயங்குபவை. அங்கே உங்கள் கொள்ளுத் தாத்தாவின் பக்கத்தை இன்னொருவரும் திருத்தலாம். கூட்டு உழைப்புக்கு அது சிறப்பு. ஆனால் உங்கள் மூலப்பிரதி உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். ஆன்செஸ்ட்ரியிலிருந்து மரத்தை ஜெட்காமாக இறக்கும்போது படங்கள் உடன் வருவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

எண்களைப் பற்றிச் சிறிது. முன்னோர் அட்டவணைகளில் வழங்கும் பழைய எண் முறையில் நீங்கள் 1. ஒருவருடைய எண்ணை இரட்டித்தால் அவர் தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் அவர் தாய். உங்கள் தந்தை 2, தாய் 3, தந்தையின் தாய் 5. பத்துத் தலைமுறை பின்னே போனால் 1024 இடங்கள். ஆனால் அத்தனை தனி மனிதர்கள் இருக்கவேண்டியதில்லை. என் சோதனைக் குடும்பத்தில் உடன்பிறந்தோரின் பிள்ளைகள் மணந்துகொண்டதால், அவர்கள் மகளுக்குப் பாட்டன் பாட்டியரின் பெற்றோர் எண்மருக்குப் பதில் அறுவர் மட்டுமே. விசிறி வடிவ வரைபடம் அதே இருவரை இரண்டு இடங்களில் வரைந்துவிடும். மூன்று நிரல்களிலும் படத்தைப் பார்க்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால், மரத்தில் ஏன் இரட்டையர் முளைத்தார்கள் என்று பதற வேண்டியதில்லை.

உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பகிரும்போது கவனம் தேவை. பிறந்த தேதியும் தாயின் குடும்பப் பெயரும் பல இடங்களில் அடையாளச் சோதனைக் கேள்விகளாக இருப்பவை. கிராம்ப்ஸ், இறப்புப் பதிவு இல்லாத ஒருவருக்கு 110 வயதுவரை உயிரோடு இருக்கக்கூடும் என்று இயல்பாகவே கருதிக்கொள்ளும். ஏற்றுமதியின்போது அத்தகையவர்களை விலக்கவும், பூட்டுக் குறியிட்ட பதிவுகளை மறைக்கவும் வசதி உண்டு. மற்ற இரண்டிலும் இதற்கான தேர்வு உண்டு. ஆனால் அது தேர்வு என்பதால் ஒவ்வொரு முறையும் நாம்தான் தேர்ந்தெடுக்கவேண்டும்.

இப்போது நான் கைக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது. பதிவுகள் கிராம்ப்ஸில். மாதம் ஒருமுறை அதன் எக்ஸ்எம்எல் கோப்பும் ஒரு ஜெட்காம் கோப்பும், தேதியைப் பெயரில் தாங்கி, படக் கோப்புறையோடு சேர்ந்து இரண்டு வெளி வட்டுகளில் போய்ச் சேருகின்றன. ஆவணப் படங்களுக்கு ஆண்டு, ஆவண வகை, பெயர் என்ற வரிசையில் பெயரிடுகிறேன். நிரலே இல்லாமல் கோப்புறையைத் திறந்தாலும் அவை காலவரிசையில் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஜெட்காமை ரூட்ஸ்மேஜிக்கின் கட்டணமில்லாப் பதிப்பில் திறந்து, 14 பேரின் சோதனைப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். சென்ற முறை பார்த்தபோது, இரண்டு பிறந்த ஆண்டுகள் கொண்ட அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகளும், அவற்றின் பக்க எண்களும், ஏன் முந்தைய ஆண்டை ஏற்றேன் என்று எழுதிய மூன்று வரிக் குறிப்பும் அப்படியே வந்து சேர்ந்திருந்தன.